ஜோடி இல்லாத ஆட்டக்காரன்

இரண்டு பையன்கள் ஒருவன் தோளில் ஒருவன் கை போட்டுக்கொண்டு பொட்டலின் அந்தக் கோடியிலிருந்து நடந்து வந்தார்கள். இந்தப் பக்கம் மாதேஷும் சூர்யாவும் இடுப்பில் கை வைத்து நின்றார்கள். அன்றைக்கு அவர்கள்தான் கட்சித் தலைவர்கள்.

"பரோட்டா வேணுமா, பிரியாணி வேணுமா?"

மாதேஷ் யோசிக்கவே இல்லை. பிரியாணி என்றான். பிரியாணி என்று பெயர் வைத்துக்கொண்டிருந்த பையன் அவன் பக்கம் ஓடினான். பரோட்டா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சூர்யா பக்கம் போனான்.

எங்கள் பக்கம் இதை உத்தி பிரிப்பது என்போம். சம பலம் உள்ள இரண்டு பேர் ஜோடி சேர்ந்து, தள்ளிப் போய், காதோடு காதாக ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொண்டு வர வேண்டும். எந்தப் பெயருக்குள் எந்த ஆள் என்று தலைவனுக்குத் தெரியாது. நான் சிறுவனாக இருந்தபோது வானமா பூமியா என்று கேட்டோம். இப்போது பரோட்டாவுக்கு வந்திருக்கிறது. மற்றபடி சட்டம் மாறவில்லை. பல ஊர் சுற்றியவன் நான். ஆளைப் பங்கு போட இதைவிட யோக்கியமான வழியை எங்கும் பார்த்ததில்லை.

வெங்காய லோடு இறக்கிவிட்டு வந்த வண்டியை வேலிக்கருவை ஓரம் நிறுத்தி, உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லா ஜோடியும் வந்து பிரிந்து முடிந்தது. என் மகன் தர்ஷன் மட்டும் நின்றான். அவனுக்கு ஜோடி இல்லை.

கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு தானாகவே தலைவர்களிடம் நடந்து போனான்.

"தம்பி, நான் ஒண்டி ஆளாத்தான் வந்திருக்கேன். ஏதாச்சும் பாத்து சேத்துக்குங்க" என்றான்.

மாதேஷ் அவனைவிட ஒரு வயது மூத்தவன். பொட்டலே சிரித்தது. "தம்பியாம்டா, டேய். பெருசு வந்திருக்கு, பெருசு." அந்த நிமிடத்திலிருந்து என் மகனுக்குப் பெருசு என்று பெயர் ஆனது.

விரட்டவும் மனசில்லாமல் அவனை உப்புக்குச் சப்பாணி ஆக்கினார்கள். விளையாடியவர்களுக்குத் தெரியும்; தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அழுகிற தம்பி தங்கைகளுக்கென்று வைத்திருக்கும் இடம் அது. இரண்டு கட்சியிலும் ஓடலாம். அவுட் கிடையாது. பாயிண்ட்டும் கிடையாது. அங்கே ஏற்கனவே ஓர் உப்புக்குச் சப்பாணி இருந்தான், மாதேஷின் தம்பி, மூக்கு ஒழுகும் பொடியன். பதின்மூன்று வயது தர்ஷன் அவனுக்குப் பக்கத்தில் போய் நின்றான்.

கபடி முடிந்து வண்டியில் ஏறியவன் சட்டையில் ஒரு பொட்டுப் புழுதி இல்லை.

"அப்பா, என்னய யாரும் தொடவே இல்லப்பா" என்றான்.

அவ்வளவு வேகமாக ஓடினாய் என்று சொல்லிப் பார்த்தேன்.

"இல்லப்பா. தொட வரவே இல்ல."

வண்டிக்குள் பள்ளிக்கூடம்

இந்தத் தொடரில் போன வாரம் என்னைச் சூரத்தில் ஒரு சாயப்பட்டறை வாசலில் நிறுத்திவிட்டுப் போனேன். இருபது வயசுக்காரன், கால் வலிக்காது; அங்கேயே நிற்கட்டும். இது போன கோடையில் நடந்தது. எழுதட்டுமா என்று தர்ஷனிடம் கேட்டேன். எழுதுங்க, நான் அழுததாக மட்டும் எழுதாதீங்க என்றான். அவன் அழவில்லை.

என் மகன் பள்ளிக்கூடம் போகாமல் வளர்ந்ததற்குப் பெரிய கொள்கை எதுவும் காரணமில்லை. கொரோனா வந்து பள்ளிக்கூடங்களை மூடினார்கள். அப்போது எறையூரில் குடியிருந்தோம். சர்க்கரை ஆலை ஓடும் மாதங்களில் துவைத்துக் காயப்போட்ட துணியில்கூட வெல்லப்பாகு வாசனை அடிக்கும். என் மனைவி செல்வி வீட்டில் தையல் மிஷின் போட்டிருந்தாள். வீட்டுக்கு ஒரே போன். அதில் பாடம் நடக்கும்போதுதான் எனக்கு லோடுக்கு ஆள் கூப்பிடுவார்கள். வாத்தியார் பின்னம் சொல்லிக்கொண்டிருக்கும்போது நடுவில் புகுந்து, மக்காச்சோளம் இருக்கு, வண்டி வருமா என்பார்கள். கடைசியில் பையனைத் தூக்கி வண்டியில் வைத்துக்கொண்டேன்.

பள்ளிக்கூடம் திறந்தபோது நாங்கள் வேறு ஊருக்கு மாறியிருந்தோம். பிறகு இன்னொரு ஊர். எனக்கு ஓர் ஊரில் இரண்டு பொங்கல் சேர்ந்தாற்போல் கொண்டாடினால் உள்ளங்கால் அரிக்கும். அதற்குள் என் பக்கத்து சீட் அவனுடையது ஆகிவிட்டது.

பாடம் நடக்காமல் இல்லை. பழைய பாடப்புத்தகங்களை ஒரு சாக்கில் கட்டி சீட்டுக்கு அடியில் வைத்திருந்தேன். நான் ஓட்டுவேன், அவன் சத்தமாகப் படிப்பான். புத்தகம் அலுத்தால் வாரப் பத்திரிகை. ஜோக்கை முதலில் படிப்பான், தொடர்கதையைக் கடைசியில் படிப்பான். கதையில் வில்லன் பேசினால் குரலைத் தடிமனாக்குவான். கணக்கு எனக்கு வராத இடத்தில் செல்வி ராத்திரிச் சோறு போட்டுக்கொண்டே சொல்லித் தருவாள். அவள் பிளஸ் டூ. நான் எட்டாவது, அதிலும் பாதி.

அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு நடுவே போகும்போது வண்டியின் மூஞ்சியெல்லாம் வெள்ளையாகிவிடும். அங்கே ஓடைக்கரையில் நத்தை மாதிரிச் சுருண்ட கல் கிடைக்கும். ஒரு காலத்தில் இதெல்லாம் கடல் என்று புத்தகத்தில் படித்துவிட்டு, ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தான்.

"உப்பு கரிக்கலப்பா" என்றான் ஏமாற்றத்தோடு.

இப்படியே ஓடிக்கொண்டிருந்தது. பையன் நன்றாகத்தான் வளர்கிறான் என்று நினைத்தேன். எடைக்காரர், கமிஷன் மண்டிக்காரர், வெங்காயம் அரியும் பெண்கள், எல்லோரிடமும் பேசுவான். எல்லோரும் அவனைப் புகழ்வார்கள். அவன் பழகியவர்கள் எல்லோருமே என் வயதுக்காரர்கள் என்பது மட்டும் எனக்கு உறைக்கவில்லை.

இப்போதிருக்கும் குரும்பலூருக்குக் குடிவந்த புதிதில் பக்கத்து வீட்டுப் பையன் ஒருத்தன் எட்டிப் பார்த்தான். தர்ஷன் அவனிடம், "வாங்க, உக்காருங்க. உங்க பக்கம் மழை எப்படி?" என்று கேட்டான். அந்தப் பையன் திரும்ப வரவில்லை.

என்னை வளர்த்த செட்டு

என் அப்பா போர்வெல் போடும் லாரியோடு வடக்கே போனவர். பொங்கலுக்கு வருவார், ஆடியில் ஒரு தடவை வருவார். கிரீஸ் வாசனையோடு வந்து, தூங்கி, கோழிக்குழம்பு சாப்பிட்டுவிட்டுப் போவார். கெட்டவர் இல்லை. என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு நொடி யோசிப்பார், அவ்வளவுதான்.

என்னை வளர்த்தது என் செட்டு. ஒரே வயது, ஒரே தெரு. கிணற்றில் தள்ளிவிட்டு நீச்சல் சொல்லிக்கொடுத்தார்கள். குரங்குப் பெடல் போட்டு சைக்கிள் ஓட்டவும், மீசை முளைத்தபோது அதை என்ன செய்வது என்றும், அடி வாங்கிய பிறகு எப்படி வீட்டுக்குப் போவது என்றும் அவர்கள்தான் சொல்லித் தந்தார்கள். எட்டாவது பாதியில் பையை வரப்பில் வைத்துவிட்டுத் திருப்பூர் பஸ் ஏறவும் அவர்கள்தான் கற்றுத் தந்தார்கள். பனியன் கம்பெனியில் பஞ்சுத்தூசி மூக்கில் ஏறி இருமிக்கொண்டே தூங்கிய நாட்களைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன்.

அதனால் ஒரு முடிவோடு இருந்தேன். என் மகனை அப்பன் வளர்க்க வேண்டும். செட்டு வளர்க்கக் கூடாது.

இதை ஒருநாள் லப்பைக்குடிக்காட்டில் காதர் பாயிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் கடைக்குத்தான் வெங்காயம் இறக்குவேன். சவுதியில் பல வருஷம் இருந்துவிட்டு வந்தவர். ஏலக்காய் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார். பிறகு அவர் கதையைச் சொன்னார்.

"நான் போன்லயே அத்தாவா இருந்தவன். சுபுஹு தொழுகைக்கு எந்திரிச்சியாம்பேன், ம்ம்பான். பரீட்சை எப்புடிம்பேன், அதுக்கும் ம்ம்பான். என் மவன வளத்தது அந்தத் தெருப் பசங்கதான். அல்ஹம்துலில்லாஹ், நல்லாத்தான் வளத்திருக்கானுங்க. நான் இறங்கி வந்தப்ப ஏர்போர்ட்டுல அவனுங்கதான் என் பொட்டியத் தூக்குனானுங்க."

நான் என் வண்டியைக் காட்டினேன். தர்ஷன் அங்கே எடைக்காரரோடு அரசியல் பேசிக்கொண்டிருந்தான்.

பாய் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நீங்க எனக்கு நேர்மாறு. நான் கண்ணுலயே காட்டல, நீங்க எறக்கியே விடல" என்றார். நான் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். டீ நன்றாக இருந்தது.

செல்வி வைத்த கெடு

பொட்டலில் நடந்ததைச் செல்வியிடம் நான் சொல்லவில்லை. தர்ஷன் சொல்லிவிட்டான். மூக்கு ஒழுகும் பொடியன் பக்கத்தில் நின்றதைச் சொல்லும்போது சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அந்தச் சிரிப்பு பெரிய ஆட்கள் சிரிக்கிற சிரிப்பு.

செல்வி தையல் மிஷினை நிறுத்தினாள். அது நின்றால் வீட்டில் ஏதோ நடக்கப்போகிறது என்று அர்த்தம்.

அவள் அண்ணன் அரியலூரில் இருக்கிறார். விடுதியோடு சேர்ந்த பள்ளிக்கூடம் ஒன்று இருப்பதாக அவர் வருஷாவருஷம் சொல்லிக்கொண்டிருப்பார். வருஷாவருஷம் நான் பேச்சை மாற்றிவிடுவேன். இந்தத் தடவை பேச்சு மாறவில்லை.

"லீவு முடியறதுக்குள்ள இந்த ஊருப் பசங்களோட ஒருத்தனா நிக்கணும். இல்லாட்டி ஜூன்ல ஹாஸ்டலு. அங்கயாச்சும் பசங்க மூஞ்சியில முழிப்பான்."

"அவனுக்குத்தான் நான் இருக்கேனே."

"அதாங்க நானும் சொல்றேன்" என்றாள்.

அன்று இரவு தர்ஷன் வண்டியிலிருந்த சாக்கை வீட்டுக்குள் கொண்டுவந்து, நத்தைக் கற்களை மட்டும் தனியாக எடுத்து ஒரு டப்பாவில் போட்டான். ஹாஸ்டலுக்குக் கொண்டுபோக விடுவார்களா என்று கேட்டான்.

நானே போனேன்

யோசித்துப் பார்த்தால், பையனிடம் இல்லாதது ஒரே ஒரு ஜோடி. அது பெரிய விஷயமா? எனக்குக் கபடி தெரியும். திருப்பூரில் கம்பெனி டீமில் ஆடியவன். முட்டி இன்னும் மடங்கும்.

மறுநாள் சாயங்காலம் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பொட்டலுக்குப் போனேன். தர்ஷன் தோளில் கை போட்டேன். அவன் என்னைவிடக் கொஞ்சம்தான் குள்ளம் என்பது அப்போதுதான் தெரிந்தது. இரண்டு பேரும் கருவை ஓரம் போய்ப் பெயர் வைத்துக்கொண்டு வந்தோம்.

"வெங்காயம் வேணுமா, மக்காச்சோளம் வேணுமா?" என்று நான்தான் கேட்டேன்.

பையன்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பெரியவர், அதிலும் வண்டி வைத்திருப்பவர். சூர்யா தயங்கித் தயங்கி வெங்காயம் என்றான். தர்ஷன் அவன் பக்கம் போனான். நான் மாதேஷ் கட்சி.

அப்பனும் மகனும் எதிரெதிர். அதை நான் யோசித்திருக்கவில்லை. உத்தியில் ஜோடி சேர்ந்தால் எதிரெதிராகத்தான் போக வேண்டும் என்பது எனக்குத் தெரியாததா? ஆசையில் மறந்துவிட்டது.

முதலில் தர்ஷன் பாடி வந்தான். மூச்சுப் பிடித்து, கபடி கபடி என்று, ஒவ்வொரு எழுத்தையும் சுத்தமாக உச்சரித்தான். பத்திரிகை படிக்கிற மாதிரியே. என் கைக்கு எட்டும் தூரத்தில் அவன் கால் இருந்தது. பிடித்தால் அவுட். நான் பிடிப்பது போலக் குனிந்து, கை வழுக்கிவிட்டது போல ஒரு குட்டிக்கரணம் போட்டு விழுந்தேன். அவன் என் முதுகைத் தொட்டுவிட்டு நடுக்கோட்டைத் தாண்டிப் போனான்.

யாரும் கை தட்டவில்லை. மூக்கு ஒழுகும் பொடியன் மட்டும் தெளிவாகச் சொன்னான்.

"மாமா வேணும்னே உழுந்தாரு."

அடுத்த சுற்றில் நான் பாடிப் போனேன். சூர்யா கட்சி வளைத்தது. தர்ஷன் சரியான நேரத்தில் பாய்ந்து என் கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்துவிட்டான். நல்ல பிடி. உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. நான் காலை உதறினேன். அவன் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான்.

"வலிக்குதாப்பா?" என்று கேட்டுவிட்டுக் கையை எடுத்துவிட்டான்.

பொட்டலில் அன்று சிரிக்காதவர்கள் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான்.

மாதேஷ் என்னிடம் வந்தான். சிரிப்பை அடக்கிக்கொண்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மரியாதையாகத்தான் சொன்னான். "மாமா, நீங்க பெரியவங்க, சொல்லக் கூடாது. நீங்களும் விட்டுக் குடுக்குறீங்க, அவனும் விட்டுக் குடுக்குறான். இது ஆட்டமே இல்ல மாமா."

வீட்டுக்குத் திரும்பும்போது தர்ஷன் முன்னால் நடந்தான். வாசலில் நின்று, "நாளைக்கு வராதீங்கப்பா" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. எடைக்காரரிடம் நாளைக்கு லோடு இல்லை என்று சொல்வது போலச் சொன்னான். மறுநாள் மண்டிக்குப் போகும்போது என் பக்கத்து சீட்டில் உட்காராமல் பின்னால் மூட்டை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டான். கண்ணாடியில் பார்த்தேன். காற்றில் முடி பறக்க, என் பக்கம் திரும்பாமல், பின்னால் போகிற சாலையைப் பார்த்துக்கொண்டே வந்தான்.

கிழிந்த சட்டை

அதன் பிறகு நான் பொட்டல் பக்கம் போகவில்லை. தெருவைச் சுற்றி வேறு வழியாக வண்டியைக் கொண்டுவந்தேன். ஜூன் நெருங்கிக்கொண்டிருந்தது. செல்வியின் அண்ணன் போன் செய்து, சீட்டு சொல்லி வைக்கட்டுமா என்று கேட்டார். செல்வி இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்றாள். அவளுக்கும் மனசில்லை. அது எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். ஆனால் சொன்ன சொல்லை மாற்றுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

ஒருநாள் மீன்சுருட்டிப் பக்கம் மக்காச்சோளம் இறக்கிவிட்டு வந்தேன். வெயில் இறங்கியிருந்தது. வீட்டு வாசலில் ஒரு செருப்பு கிடந்தது. ஒற்றைச் செருப்பு.

உள்ளே தர்ஷன் சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்தான். உதடு வீங்கி இருந்தது. முழங்கை தோலுரிந்து, முதுகில் நெருஞ்சி முள். செல்வி கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு ஊசியால் ஒவ்வொரு முள்ளாக எடுத்துக்கொண்டிருந்தாள். கிழிந்த சட்டை மிஷின் மேல் கிடந்தது.

யாரென்று கேட்டேன். ஜீவா என்றான். தெருக்கோடி வீட்டுப் பையன். அவன் அப்பா அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறார், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார்.

நடந்தது இதுதான். ஜீவாவுடைய ஜோடி, அவன் சித்தப்பா மகன், லீவுக்கு ஊருக்குப் போய்விட்டான். ஜீவாவும் ஒண்டி ஆள் ஆனான். தர்ஷன் போய், நாம ஜோடி சேரலாமா என்று கேட்டிருக்கிறான். நீ எனக்குச் சமமா என்று ஜீவா கேட்டிருக்கிறான். ஜோடி என்றால் சமமாக இருக்க வேண்டும். நோஞ்சானைக் கூட்டிக்கொண்டு போனால் தலைவர்கள் உத்தியை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். சமமா இல்லையா என்று பார்க்க ஒரே வழிதான் இருக்கிறது. பார்த்துவிட்டார்கள்.

நான் வாசலுக்குத் திரும்பினேன். செருப்பில் கால் நுழைத்தேன்.

"எங்க?" என்றாள் செல்வி.

"அவங்க வூட்டுல கேட்டுட்டு வரேன். மூஞ்சியப் பாத்தியா? அடி வாங்கிட்டு வந்திருக்கான்."

"குடுத்துட்டும்தான் வந்திருக்கான். செருப்பக் கழட்டுங்க."

"செல்வி..."

"இத்தன வருஷமா நீங்க பேசுனீங்க அவனுக்காக. இன்னைக்கு ஒருநாளு உக்காருங்க."

உட்கார்ந்தேன். தர்ஷன் என்னைப் பார்த்துச் சிரித்தான். வீங்கிய உதட்டோடு சிரித்ததால் ஒரு பக்கம்தான் சிரிக்க முடிந்தது. பெரிய ஆள் சிரிப்பு அதில் இல்லை. அவனுக்கு அப்படி ஒரு சிரிப்பு இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது.

"யாரும் ஜெயிக்கலப்பா. ரெண்டு பேரும் முள்ளுல உழுந்துட்டோம். சமந்தான்" என்றான்.

அன்று இரவு முழுக்க எனக்கு ஆறவில்லை. நாளைக்கு அந்தப் பையனைத் தெருவில் பார்த்தால் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று மனசுக்குள் வசனம் எழுதி வைத்தேன். மறுநாள் சாயங்காலம் நான் தெருவுக்கே போக வேண்டியிருக்கவில்லை. அவனே வாசலில் நின்றான். ஒரு காது சிவந்து தடித்திருந்தது. கையில் எங்கள் வீட்டு இன்னொரு செருப்பு.

"அத்தே, தர்சா இருக்கானா?"

தர்சா. என் மகன் பெயரை யாரோ சுருக்கிவிட்டார்கள். பெருசு போய்விட்டது. நான் எழுதி வைத்த வசனத்தை மறந்துவிட்டு, உள்ளே வாடா என்றேன். வரவில்லை. லேட் ஆயிடும் மாமா, உத்தி பிரிச்சிடுவானுங்க என்றான். தர்ஷன் தைத்த சட்டையில் தலையை நுழைத்துக்கொண்டே வெளியே ஓடினான். செல்வி இரண்டு பேர் கையிலும் முறுக்கைத் திணித்தாள். தெருக்கோடி வரை நொறுக் நொறுக் என்று சத்தம் கேட்டது. அவர்கள் தோளில் கை போட்டுக்கொண்டு போனார்கள்.

செல்வி அன்று அண்ணனுக்குப் போன் செய்தாள். என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை. பேசி முடித்து, மிஷினில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் சும்மா சக்கரத்தை மட்டும் சுற்றிக்கொண்டிருந்தாள்.

காலியான இடம்

ஹாஸ்டல் இல்லை என்று ஆனது. வண்டியில் பழையபடி பாடம் நடக்கும் என்று நான் நினைத்தேன். புதிதாக ஒன்பதாம் வகுப்புப் புத்தகமெல்லாம் விசாரித்து வைத்திருந்தேன். மண்டிக்குப் போகும் வழியில் அதைச் சொன்னபோது தர்ஷன் சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அப்பா, ஜீவா போற பள்ளிக்கூடத்துக்கே நானும் போறேம்ப்பா."

கியரை மாற்ற வேண்டிய இடம் அது. மாற்றினேன்.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது தலைமையாசிரியர் ஒரு புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். தர்ஷன் ஏற்ற இறக்கத்தோடு வாசித்தான். பாடத்தில் வந்த வணிகனுக்குத் தடித்த குரல் கொடுத்தான். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, எங்கே படித்தான் இத்தனை நாள் என்று கேட்டார். வண்டியில் சார் என்றேன். கணக்கில் கொஞ்சம் பின்தங்கித்தான் இருந்தான். ஜீவா அதைவிடப் பின்தங்கி இருந்தான் என்பதால் அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

இப்போது என் பக்கத்து சீட்டில் தார்ப்பாயை மடித்து வைக்கிறேன். தார்ப்பாய் ஜோக் படிக்காது. லப்பைக்குடிக்காட்டில் காதர் பாய், எடைக்காரரோட சேக்காளி எங்க என்று கேட்டார். எறக்கி விட்டுட்டேன் பாய் என்றேன். டீயில் கூட ஒரு ஏலக்காய் தட்டிப் போட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. லோடு இல்லை. வண்டியைக் கழுவிவிட்டு அதன் படியிலேயே உட்கார்ந்திருந்தேன். தெருவில் பையன்கள் கூட்டமாக வந்தார்கள். மாதேஷ் முன்னால், தர்ஷனும் ஜீவாவும் கடைசியில்.

"மாமா, சும்மாத்தான் இருக்கீங்களா?" என்றான் மாதேஷ்.

ஆமாம் என்றேன்.

"என் தம்பி அம்மாயி ஊருக்குப் போயிட்டான் மாமா. உப்புக்குச் சப்பாணி எடம் காலியா இருக்கு."

அவன் முகத்தில் சிரிப்பே இல்லை. அவ்வளவு நன்றாக நடித்தான். கூட்டத்தின் கடைசியில் தர்ஷன் ஜீவா முதுகுக்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொண்டான். தோள் மட்டும் குலுங்கியது. செல்வி உள்ளிருந்து, போயிட்டு வாங்க, அரிசி ஒலையில போடறதுக்குள்ள வந்துடுங்க என்றாள்.

கைலியை மடித்துக் கட்டினேன்.

உப்புக்குச் சப்பாணிக்குக் கட்சி கிடையாது என்பதால் மாதேஷ் பக்கம் பாதி, சூர்யா பக்கம் பாதி என்று ஓடினேன். மூச்சு முன்பு மாதிரி இல்லை. ஒரு சுற்றில் நான் பாடிப் போனேன். எதிரே தர்ஷன் குனிந்து நின்றான். அவன் கண் என் முகத்தில் இல்லை, என் காலில் இருந்தது.

பாய்ந்தான். கணுக்காலில் இரும்பு மாட்டியது போல ஒரு பிடி. நான் நிஜமாகவே உதறினேன். இன்னும் நிஜமாக உதறினேன். விடவில்லை. பக்கவாட்டில் ஜீவா வந்து இடுப்பைக் கட்டினான். மூன்று பேரும் பொட்டலில் விழுந்தோம். என் வாயில் மண். வியர்வையோடு சேர்ந்து உப்பாக இருந்தது. கணுக்கால் வலித்தது. யாரும் கேட்கவில்லை.

எழுந்து, மண்ணைத் துப்பிவிட்டு, அவுட்டான ஆள் செய்வது போலக் கோட்டுக்கு வெளியே நடந்தேன்.

"எங்கப்பா போறீங்க?" என்று தர்ஷன் பின்னாலிருந்து கத்தினான். "உங்களுக்குத்தான் அவுட்டே கெடயாதே. வந்து ஓடுங்க."

ஓடினேன்.